வண்டி ஸ்லோவில் நிற்கவில்லையா? கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகும் முன்பு பார்க்க வேண்டியவை

ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கும்வரை வண்டி ஒழுங்காக ஓடும். கையைத் தளர்த்தியதும் எஞ்சின் இரண்டு முறை திக்கிவிட்டு அடங்கிவிடும். வடசேரி பஸ் ஸ்டாண்ட் முன்னாலோ மார்த்தாண்டம் சந்தைப் பக்கமோ, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க நடுரோட்டில் நின்று கிக்கரை உதைத்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும். மெக்கானிக் கடையில் இதை "ஸ்லோ நிக்கல" என்பார்கள். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதுதான் ஸ்லோ, அதாவது ஐடிலிங். அது சரியில்லை என்று பொருள்.

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு விற்ற இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாத ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அதற்கு முந்தைய ஸ்ப்ளெண்டர், பேஷன், டிஸ்கவர், யூனிகார்ன், ஆக்டிவா, எக்ஸ்எல் எல்லாம் டிஎன் 74, டிஎன் 75 நம்பர் பலகையோடு இன்னும் நம் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ரப்பர் பால் எடுக்கப் போகிறவரும், விடியும் முன்னே தோவாளைக்குப் பூ கொண்டுபோகிறவரும் அவற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். அந்த வண்டிகளுக்காகவும், கார்புரேட்டரை இதுவரை தொட்டே பார்க்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய ஸ்ப்ளெண்டர். ஒரு ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த நேரத்தில், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஆஃப் ஆக ஆரம்பித்தது. கடைக்குக் கொண்டுபோனேன். பையன் ஒரு ஸ்க்ரூவைத் திருகி ரேஸை ஏற்றிவிட்டான். இரண்டு நாள் சரியாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். இன்னொரு கடையில் கார்புரேட்டரே போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாட்டினார்கள். அதிலும் நிற்கவில்லை. கடைசியில் சித்தப்பாவிடம் போனேன். அவர் முப்பது வருடம் வண்டி வேலை பார்த்தவர். நான் திருப்புளியை எடுத்ததைப் பார்த்ததும் சொன்னார்: "மக்ளே, அந்த ஸ்க்ரூல கை வைக்காத. வண்டி தணுப்பில ஆஃப் ஆவுதா, சூடான பெறவு ஆவுதா? அத மொதல்ல சொல்லு." அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த ஓரிங் இறுகிப்போய் வெடித்திருந்தது. சின்னதொரு ரப்பர் வளையம். அதற்காக நான் ஒரு புதுக் கார்புரேட்டர் வாங்கியிருந்தேன்.

அன்றைக்கு அவர் பார்த்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசை அது. ஸ்க்ரூ அதில் கடைசி.

ஸ்லோவில் என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கப் என்பார்கள். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் நிற்கும். உள்ளே மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் ஒரு மட்டத்துக்கு வந்ததும் ஃப்ளோட் பின்னைத் தூக்கி வழியை அடைத்துவிடும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு செய்கிற அதே வேலை.

நாம் ஆக்ஸிலேட்டரை விட்டதும், காற்று வரும் வழியில் இருக்கும் ஸ்லைடு கீழே இறங்கி ஏறக்குறைய முழுசாக அடைத்துவிடும். ஒரு நூல் இடைவெளி மட்டும் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட் என்கிற பைலட் ஜெட், நடுவில் துளையுள்ள ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் வழியாக ஏறும் பெட்ரோல், தனியாக வரும் கொஞ்சம் காற்றோடு கலந்து, ஸ்லைடுக்குப் பக்கத்தில் எஞ்சின் பக்கமாக இருக்கும் குட்டித் துளை வழியாக வெளியே வரும். ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திறந்த பிறகுதான் ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும், பெரிய துளையுள்ள மெயின் ஜெட்டும் வேலைக்கு வருகின்றன.

ஓடும்போது நன்றாக இருந்து, விட்டால் மட்டும் ஆஃப் ஆகிற வண்டியில் மெயின் ஜெட்டைச் சந்தேகப்பட வேண்டாம் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். சிக்கல் அந்தக் குட்டி வழியில் இருக்கும், இல்லையென்றால் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைந்துகொண்டிருக்கும்.

முதலில் வண்டியைக் கவனியுங்கள்

காலையில் சோக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடும். எஞ்சின் சூடான பிறகும் சோக் போட்டால்தான் நிற்கிறது, எடுத்தால் ஆஃப் ஆகிறது என்றால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது காற்று அதிகமாக நுழைகிறது. ஸ்லோ ஜெட் அடைப்பும் காற்றுக் கசிவும் முதல் சந்தேகம்.

தணுப்பில் நன்றாக நின்று, சூடேறியதும் தடுமாறி, புகைக்குழாயில் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வந்தால் அது எதிர்ப்பக்கம். பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சோக் முழுவதும் திரும்பவில்லையா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் பின் கசிகிறதா என்று அந்தத் திசையில் யோசியுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. வண்டி நின்றபடியே ஒருமுறை ரேஸ் கொடுத்து விடுங்கள். சத்தம் உடனே இறங்காமல் உயரத்திலேயே தொங்கி, மெதுவாகக் கீழே வந்தால் காற்று அதிகம், அல்லது ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறது. சட்டென்று ரொம்பக் கீழே விழுந்து, பிறகு தத்தித் தத்தி மேலே வந்தால் பெட்ரோல் அதிகம். பார்த்ததை ஒரு தாளில் எழுதிவையுங்கள், பிறகு உதவும்.

வெளியே பார்க்க வேண்டியவை

பெட்ரோல் டேப் ஆன் நிலையில் இருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்கின் அடியில் சேரும் தண்ணீரும் துருவும் ரிசர்வ் வழியாகத்தான் முதலில் இறங்கும். ரிசர்வில் போட்ட பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது என்றால் அது பெரிய துப்பு.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிட அதிகம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். நமக்குத் தென்மேற்கும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் பாதிக்கு மேல் காற்றில் ஈரம். சில வண்டிகளில் டேங்க் மூடியைச் சுற்றி நிற்கும் மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அது மண்ணால் அடைத்துவிட்டால் தண்ணீர் மூடி வழியாக உள்ளே கசியும். பாதி காலியான டேங்க் இரவில் குளிர்ந்து உள்ளே ஈரம் வியர்ப்பதும் நடக்கும். இதோடு இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கலந்தே எரிந்துவிடும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். கார்புரேட்டரிலும் அது சேருமிடம் கப்பின் அடிதான். ஸ்லோ ஜெட் பெட்ரோலை எடுப்பது அதற்குக் கொஞ்சம் மேலேயிருந்து.

பார்ப்பது சுலபம். எஞ்சின் ஆறட்டும். டேப்பை மூடுங்கள். கப்பின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும், அதன் வாயிலிருந்து ஒரு டியூப் கீழே இறங்கும். டியூபின் முனையை ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் விட்டு, ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். வரும் பெட்ரோலைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கோ உருண்டை உருண்டையான துளிகளோ தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பழுப்பு நிறத் தூள் இருந்தால் டேங்கில் துரு. டேப்பைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலை ஓடவிட்டு, சுத்தமாக வரும்வரை பிடித்து, ஸ்க்ரூவை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். மழைக்காலத்தில் வருகிற வண்டிகளில் நிறைய இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடுகின்றன. கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டியிருக்காது.

பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவும் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளை மயக்கிவிடும். முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது கேபிள். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடும் இடம் இருக்க வேண்டும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஹேண்டில்பாரை முழுசாக இடம் வலம் திருப்புங்கள். திருப்பும்போது ரேஸ் ஏறினால் கேபிள் இழுபடுகிறது, அதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. முட்டம், மணக்குடி, குளச்சல் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கேபிளைக் கட்டாயம் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, ஸ்லைடு முழுசாக இறங்காமல் சில நேரம் உயரத்தில், சில நேரம் தாழ்வில் நிற்கும். அப்படி ஒவ்வொரு தடவையும் ஸ்லோ மாறிமாறி நின்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஓட்டிவந்த உடனே கழற்றினால் பிளக் ஓட்டத்தின் நிறத்தைத்தான் காட்டும். ஸ்லோவைப் பற்றித் தெரிய வேண்டுமானால் சில நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு ஆஃப் செய்து, ஆறிய பிறகு கழற்றுங்கள். பிளக்கின் முனையில் இருக்கும் இடைவெளி எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும் அளவை வையுங்கள். பிளக் பழசாகியிருந்தால் புதிது போட்டுவிட்டே மேலே போங்கள். விலை குறைவு, சந்தேகமும் தீரும்.

ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளில் அந்தக் கணவாய்க் காற்று கொண்டுவரும் புழுதி சீக்கிரமே சேர்ந்துவிடும். காகித ஃபில்டர் என்றால் கழுவாதீர்கள், மாற்றுங்கள்.

காற்று எங்கே நுழைகிறது?

என் வண்டியைப் படுத்திய கோளாறு இது. அதனால்தானோ என்னவோ, நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் இங்கேதான் போகிறது.

கார்புரேட்டர் எஞ்சினோடு சேருமிடத்தில் ஒரு ரப்பர் குழாயோ, கறுப்பு நிற இன்சுலேட்டரும் ஓரிங்கும் சேர்ந்த இணைப்போ இருக்கும். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து ரப்பர் இறுகும், வெடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். ஸ்லைடு அடைத்திருக்கும்போதுதான் எஞ்சின் பக்கம் உறிஞ்சும் விசை அதிகம். அப்போது அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போய்விடும். ஸ்லைடு திறந்து ஓடும்போது வருகிற பெரிய காற்றோட்டத்தில் இந்தச் சின்னக் கசிவு தெரியாமல் போய்விடும். இதனால்தான் ஓட்டத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

ரேஸை ஏற்றி வைத்தால் இந்தக் கோளாறு இரண்டு நாள் மறையும். நான் முதலில் போன கடையில் நடந்தது அதுதான்.

கண்டுபிடிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில் போதும். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிப்போமே, அது. தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்துகொள்ளுங்கள். எஞ்சினை ஸ்லோவில் ஓடவிடுங்கள், நிற்காவிட்டால் ஸ்பிரிங்கோடு வெளியே தெரியும் ஸ்லோ ஸ்க்ரூவை மட்டும் தற்காலிகமாகக் கொஞ்சம் உள்ளே திருகிக்கொள்ளலாம். அந்த இணைப்பைச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். ஓர் இடத்தில் பட்டதும் சத்தம் மாறினால், ஏறினாலும் இறங்கினாலும், அங்கேதான் கசிவு. சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் அது தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

கசிவு தெரிந்தால் முதலில் போல்ட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கினால் இணைப்பின் முகம் வளைந்துபோகும். ஓரிங் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அனபாண்ட் பசையை அப்பி ஓட்டை அடைப்பது நம் ஊரில் பழக்கம்தான். ஆனால் உள்ளே பிதுங்கும் பசை பெட்ரோலில் ஊறி, துண்டு துண்டாக எஞ்சினுக்குள் போகும். புது ஓரிங்கே போடுங்கள்.

எஞ்சினிலிருந்து வரும் சின்ன வேக்குவம் ஹோஸ்கள் இருந்தால் அவற்றின் முனைகளையும் பாருங்கள். சில ஸ்கூட்டர்களில் பெட்ரோல் டேப் அந்த உறிஞ்சு விசையால்தான் திறக்கும். டேப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால் பெட்ரோல் அந்த வேக்குவம் ஹோஸ் வழியாகவே நேராக எஞ்சினுக்குள் போய்விடும். ஹோஸைக் கழற்றும்போது அதில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டேப்பை மாற்ற வேண்டும்.

கழற்றிச் சுத்தம் செய்வது

மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனாலும் சோக் இல்லாமல் நிற்கவில்லை. அப்படியென்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்தில் இது அதிகம் வருகிற வண்டிகள் எவை என்று யோசித்தால் காரணம் புரியும். வளைகுடாவிலிருந்து வருடம் ஒருமுறை லீவுக்கு வருகிறவரின் வண்டி. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புகிறவரின் வண்டி. மழையில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோய், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் வண்டி. எல்லாம் ஓடாமல் நின்ற வண்டிகள். கப்பில் இருக்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பசை மாதிரி ஒரு படிவத்தை விட்டுப்போகும். முதலில் அடைவது எல்லாவற்றிலும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்.

தொடங்கும் முன்பு ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் அதில் வையுங்கள். மொபைலில் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். எந்த டியூப் எங்கே போகிறது என்பது அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

1. டேப்பை மூடி, கப்பில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, பெட்ரோல் டியூபைக் கழற்றுங்கள்.

2. ஏர் ஃபில்டர் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தி, எஞ்சின் பக்கத்து இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கார்புரேட்டர் பக்கவாட்டில் வெளியே வரும். சாதாரண 100 சிசி வண்டிகளில் மேல்மூடியைத் திருகி எடுத்தால் கேபிளோடு சேர்ந்து ஸ்லைடும் நீடிலும் வெளியே வரும். அதைத் துணியில் சுற்றி வண்டியிலேயே தொங்கவிடுங்கள், நீடில் வளையக் கூடாது.

3. மிக்ஸ்சர் ஸ்க்ரூ எனும் சின்னப் பித்தளை ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பு ஒரு கணக்கு எடுக்க வேண்டும். மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் அதன் கூர்முனை துளையைச் சிதைத்துவிடும், பிறகு அந்தக் கார்புரேட்டர் சரியாக டியூன் ஆகவே ஆகாது.

4. கப்பின் ஸ்க்ரூக்களுக்குத் தலையில் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். கடலோர வண்டிகளில் இவை துருவால் பிடித்திருக்கும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டுவையுங்கள். வழுக்கிய திருப்புளியால் தலையைத் தேய்த்துவிட்டால் வேலை பெரிதாகும்.

5. ஃப்ளோட்டைப் பிடிக்கும் ஊசியைத் தள்ளி எடுத்து, ஃப்ளோட்டையும் அதில் தொங்கும் ஃப்ளோட் பின்னையும் எடுங்கள். பின்னின் கூம்பு முனையில் வளையம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் அது சரியாக அடைக்காது, ஓவர்ஃப்ளோ ஆகும். மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அதுவும் போய்விட்டது.

6. நடுவில் உயரமாக நிற்பது மெயின் ஜெட். பக்கத்தில் ஒரு குழிக்குள் ஆழமாக இருப்பது ஸ்லோ ஜெட். மெல்லிய, சரியான அகலமுள்ள திருப்புளியால் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, தலை உடைந்தால் எடுப்பது கஷ்டம். சில கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட் கழற்ற முடியாதபடி அழுத்தி வைக்கப்பட்டிருக்கும், அதை இழுக்க முயலாதீர்கள்.

7. ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் கூர்மையான, வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறைபோலவோ தெரிந்தால் அடைப்பு இருக்கிறது.

அடைப்பை எடுக்க ஊசியும் இரும்புக் கம்பியும் கூடாது. துளை ஒரு இழை பெரிதானாலும் ஜெட்டின் அளவு மாறிவிடும், பெட்ரோல் அதிகமாகக் குடிக்க ஆரம்பிக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவையுங்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒரு நைலான் இழையை விட்டு எடுக்கலாம். அதற்குப் பிறகு காற்று. வீட்டில் கம்ப்ரஸர் எதற்கு? பக்கத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனால் அடித்துத் தருவார்கள். பாடியில் உள்ள ஒவ்வொரு துளையிலும் கிளீனரை அடித்து, அது எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது என்று பாருங்கள். குறிப்பாக மிக்ஸ்சர் ஸ்க்ரூ இருந்த துளையில் அடித்தால், ஸ்லைடு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் பீச்சி வர வேண்டும். ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு இந்த வழியை விட்டுவிடுவதால்தான் பலருக்கு "சர்வீஸ் பண்ணியும் நிக்கல" என்று ஆகிறது. கிளீனர் கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பாகங்களின் மேல் படவிடாதீர்கள், ஃப்ளோட்டும் ஓரிங்கும் வெளியே இருக்கும்போது மட்டும் காற்றும் கிளீனரும்.

கப்பிலிருந்து வெளியே தொங்கும் காற்று டியூபையும் ஓவர்ஃப்ளோ டியூபையும் ஊதிப் பாருங்கள். நின்ற வண்டிகளில் குளவி அதற்குள் மண் வைத்துக் கூடு கட்டியிருக்கும். காற்று போக வழியில்லாவிட்டால் கப்பிலிருந்து பெட்ரோல் சீராக ஏறாது.

மாட்டுவது கழற்றியதற்கு நேர்மாறு. ஸ்லைடில் ஒரு பக்கம் நீளமான வெட்டு இருக்கும், அது பாடியில் உள்ள மேட்டில் உட்கார வேண்டும். சரியாக உட்காராத ஸ்லைடு இறங்காது, ஸ்டார்ட் செய்ததும் வண்டி முழு ரேஸில் அலறும். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன்பே கைப்பிடியை முறுக்கி விட்டு, டக் என்று இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கப் கேஸ்கட்டும் ஓரிங்கும் பழசென்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

டியூனிங்

இப்போதுதான் ஸ்க்ரூ. இரண்டு இருக்கிறது, குழம்பிவிடாதீர்கள். ஸ்பிரிங்கோடு வெளியே பெரிதாகத் தெரிவது ஸ்லோ ஸ்க்ரூ. அது ஸ்லைடைத் தூக்கி நிறுத்துகிறது, அவ்வளவுதான். சின்னதாக, குழிக்குள் இருப்பது மிக்ஸ்சர் ஸ்க்ரூ. பெட்ரோலும் காற்றும் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவிலும் இரண்டு வகை. ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கமாக இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குளிர்ந்த எஞ்சினில் டியூன் செய்யக் கூடாது. தக்கலையிலிருந்து அழகியமண்டபம் போய்த் திரும்புகிற தூரமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். சோக் முழுசாக எடுத்திருக்க வேண்டும்.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவை நீங்கள் எழுதிவைத்த கணக்கில் வையுங்கள். எழுதவில்லை என்றால் முட்டிய இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஸ்லோ ஸ்க்ரூவால் ரேஸைக் கொஞ்சம் உயர்த்தி எஞ்சினை அணையாமல் ஓடவிடுங்கள். இப்போது மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, கொஞ்சம் பொறுங்கள், கேளுங்கள். கால் சுற்று வெளியே, பொறுங்கள். எஞ்சின் மாறுவதற்குச் சில நொடி ஆகும், அவசரப்பட்டுத் தொடர்ந்து திருகினால் எதுவும் புரியாது. ஓர் இடத்தில் சத்தம் எல்லாவற்றையும்விட வேகமாகவும் சீராகவும் இருக்கும். இரண்டு பக்கம் போனாலும் தடுமாறும். அந்த நடு இடத்தில் விட்டுவிட்டு, ஸ்லோ ஸ்க்ரூவைத் தளர்த்தி ரேஸைச் சரியான அளவுக்கு இறக்குங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவு. மீட்டர் இல்லாதவர்கள், அதே மாதிரி நல்ல நிலையில் இருக்கும் ஒரு வண்டியைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிட்டுக் கேட்கலாம்.

பிறகு சட்டென்று ரேஸ் கொடுத்துப் பாருங்கள். எஞ்சின் ஒரு கணம் மூச்சுப் பிடித்தது போலத் தயங்கினால், பெட்ரோல் கூடும் பக்கம் எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் இன்றைய பெட்ரோலில் கலவை கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும். பழைய வண்டிகளுக்கு இந்தச் சிறு திருத்தம் பல நேரம் தேவைப்படுகிறது.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எங்கே திருப்பினாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையா? அந்த வழி இன்னும் அடைத்தே இருக்கிறது, அல்லது ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றிவைத்து ஸ்லைடு அதிகம் திறந்திருக்கிறது. திரும்பவும் ஆறாவது படிக்குப் போங்கள். எஞ்சின் பக்கத்து ஸ்க்ரூ மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தால்தான் நிற்கிறது என்றாலும் ஜெட்டில் இன்னும் படிவம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் சூடானதும் மட்டும் ஆஃப் ஆகிற வண்டிக்குக் காரணம் கார்புரேட்டரில் இல்லாமல் இருக்கலாம். வால்வு இடைவெளி குறைந்துபோனால், சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். டேப்பட் செட்டிங் என்று சொல்லி மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. முதல் தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்.

வண்டியை நிறுத்திப் போகும்போது

குளச்சல், முட்டம் கரையில் அவுட்போர்டு எஞ்சின் வைத்த வள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரையணையும் முன்பு திரும்பவும் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுவார்கள், மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கினால் அடுத்த நாள் எஞ்சின் எழும்பாது என்பதற்காக. நம் வண்டிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.

மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால், டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக ஆஃப் ஆகும்வரை ஓடவிடுங்கள். பிறகு டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கப்பில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுங்கள். டேங்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பி வைத்தால் உள்ளே வியர்க்க இடம் குறையும். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லித் தம்பியிடம் சாவி கொடுப்பார்கள். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவதைவிட கப்பை வடித்துவிட்டுப் போவதே மேல். ஸ்டார்ட் செய்தால் கால் மணி நேரமாவது ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள்.

இன்றைக்குச் சரிசெய்த வண்டியை இரண்டு நாள் ஓட்டிய பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கார்புரேட்டரின் இரண்டு போல்ட்டுகளையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புது ஓரிங் அமுங்கி உட்கார்ந்ததும் கால் சுற்று தளர்ந்திருக்கும்.